ரெட்டினா போட்டோவுல ரத்தக்குழாய்க்கு வயசாகறத நீங்களே அளந்து பாக்கறது எப்படி

கண் செக்கப்புக்குப் போனா இப்பல்லாம் உள்ள ஒரு போட்டோ எடுத்துடறாங்க. ஆரஞ்சு கலர் வட்டம், அதுல ஒரு ஓரமா மஞ்சளா ஒரு பொட்டு, அந்தப் பொட்டுலேர்ந்து செவப்பு செவப்பா கிளை விட்டு ஓடற கோடுங்க, அதுதான் ஃபண்டஸ் போட்டோ, கண்ணோட உள் பின் பக்கம் இருக்கற ரெட்டினாங்கற விழித்திரையோட படம். நெறைய பேரு அத ரிப்போர்ட்டோட சேத்து மடிச்சு வச்சுட்டு மறந்துடுவாங்க. சில வருஷம் கழிச்சு இன்னொண்ணு எடுத்தீங்கன்னா ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்க ஆச வரும், வரணும், ஏன்னா உடம்புக்குள்ள ஓடற ரத்தக்குழாய கத்தி வைக்காம இவ்வளவு தெளிவாப் பாக்க வேற இடம் கிடையாது.

ஆனா ஒண்ணு. வயசு இந்தக் குழாய்ங்கள மாத்துது, அது உண்மை, மெலிசாக்குது, கிளைங்களக் கொறைக்குது, கிளை பிரியற கோணத்த மாத்துது. அது ரொம்ப மெதுவா நடக்கற சின்ன மாத்தம். கேமரா, ஃபோகஸ், கண்ணு பவர், கண்புரை, அன்னிக்கு இருந்த பிபி, இதெல்லாம் போட்டோவுல பண்ற மாத்தம் பல சமயம் அதவிடப் பெருசு. அதனால இந்த வேலையில முக்கால்வாசி என்னன்னா வயசு இல்லாத மத்த காரணத்தையெல்லாம் ஒவ்வொண்ணாக் கழிச்சுக் கட்டறதுதான், கடைசில மிஞ்சறது எதுவோ அதப் பத்தி மட்டும்தான் பேச முடியும்.

மொதல்ல ஃபைல்

பிரிண்ட் போட்ட பேப்பர மொபைல்ல போட்டோ எடுத்து அதுல அளக்கலாம்னு நெனச்சா அத இப்பவே விட்டுடுங்க. எடுத்த எடத்துல ஒரிஜினல் ஃபைல் கேளுங்க, ஜேபெக்கா இருந்தாலும் பரவாயில்ல, முழு சைஸ்ல இருக்கணும். வாட்ஸ்ஆப்ல அனுப்பறாங்கன்னா டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க, போட்டோவா அனுப்பினா அது அமுக்கிடும், மெல்லிசான கோடுங்க எல்லாம் சதுரம் சதுரமா கரைஞ்சு போயிடும்.

ஏன் இவ்வளவு அடம் பிடிக்கறேன்னா இந்தக் கணக்கப் பாருங்க. சாதாரணமா எடுக்கற 45 டிகிரி போட்டோ ரெட்டினாவுல சுமாரா 13 மிமீ அகலத்தக் காட்டும். அந்த 13 மிமீ படத்துல 3000 பிக்சலா இருந்தா ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 4 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). பொட்டுக்குப் பக்கத்துல இருக்கற பெரிய ஆர்ட்டரி, அதாவது ரத்தத்த உள்ள கொண்டு வர்ற குழாய், சுமாரா 100 மைக்ரான் அகலம், அப்ப அது ஒரு 23 பிக்சல். இப்ப வயசால எவ்வளவு மெலியுது? அமெரிக்காவுல 1980-கள் கடைசில ஆரம்பிச்ச பீவர் டேம் ஆய்வு, ஆஸ்திரேலியாவுல 1990-கள்ல ஆரம்பிச்ச ப்ளூ மவுண்டன்ஸ் ஆய்வு, இந்த மாதிரி ஆயிரக்கணக்கான பேரோட கண்ண போட்டோ எடுத்து அளந்ததுல வர்ற கணக்கு பத்து வருஷத்துக்கு சுமாரா 2-லேர்ந்து 5 மைக்ரான். அதாவது பத்து வருஷத்துல நீங்க தேடற மாத்தம் ஒரே ஒரு பிக்சல்! சின்ன சைஸ் படமா இருந்தா அதுவும் கெடையாது.

இதுக்கு மேல இன்னொரு கூத்து இருக்கு. இதயம் துடிக்கும்போது அந்தக் குழாயும் கூடவே விரிஞ்சு சுருங்கும், அது சில சதவீதம் வரைக்கும் போகும், 100 மைக்ரான் குழாய்ல அது 3, 4 மைக்ரான். அப்ப பத்து வருஷ மாத்தமும் ஒரு நாடித்துடிப்பு மாத்தமும் ஒரே சைஸ். அதனால ஒரே ஒரு போட்டோவ நம்பாதீங்க, ஒரே உக்கார்றதுல எடுத்த ரெண்டு மூணு ஷாட் இருந்தா எல்லாத்தையும் வாங்கிட்டு வாங்க, எடுக்கறவங்க நல்லா வந்தது ஒண்ண மட்டும் வச்சுட்டு மத்தத அழிச்சுடறது வழக்கம், முன்னாடியே சொல்லி வைக்கறது நல்லது.

சாஃப்ட்வேருக்கு காசு குடுக்க வேணாம். இமேஜ்ஜேன்னு ஒண்ணு இருக்கு, அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான என்ஐஹெச்-ல உருவானது, ஃப்ரீ. அதுவே நெறைய ப்ளக்-இன் சேத்து வர்றதுதான் ஃபிஜி, அத போட்டுக்கோங்க. கையில சொந்தப் போட்டோ இல்ல, சும்மா பழகிப் பாக்கணும்னா டிரைவ், ஹெச்ஆர்எஃப் அப்படின்னு ஆராய்ச்சிக்காகப் பொதுவுல விட்ட படங்க இருக்கு. டிரைவ்ல 40 படம், ஆனா 565-க்கு 584 பிக்சல்தான், அதுல ஒரு பிக்சல் இருவது மைக்ரானுக்கு மேல வரும், கிளை எண்ணிப் பழகலாம், அகலம் அளக்க லாயக்கு இல்ல. ஹெச்ஆர்எஃப்-ல 45 படம், 3504-க்கு 2336, அகலத்துக்கு அதத்தான் எடுக்கணும்.

படத்துல எது எங்க

மஞ்சப் பொட்டுதான் ஆப்டிக் டிஸ்க், பார்வை நரம்பு வெளிய போற எடம், ரத்தக்குழாயும் அது வழியாத்தான் உள்ள வருது. மாக்குலாங்கறது அதுக்குப் பக்கத்துல கொஞ்சம் கருப்பா, பெரிய குழாய் எதுவும் இல்லாம இருக்கற எடம். வலது கண்ணு போட்டோன்னா டிஸ்க் படத்துல வலது பக்கம் இருக்கும், இடது கண்ணுன்னா இடது பக்கம். ரெண்டு போட்டோவும் ஒரே கண்ணு தானான்னு மொதல்ல செக் பண்ணுங்க, சிரிக்காதீங்க, ஃபைல் பேரு மாறி வர்றது அடிக்கடி நடக்கும்.

அடுத்து ஆர்ட்டரி எது, ரத்தத்த வெளிய திருப்பிக் கொண்டு போற வெய்ன் எதுன்னு பிரிக்கணும். ஆர்ட்டரி கொஞ்சம் பளிச்னு செவப்பா, மெலிசா, நடுவுல ஒரு வெள்ளக் கோடோட இருக்கும், வெய்ன் கருஞ்செவப்பா, தடியா, அந்த வெள்ளக் கோடு ரொம்ப மங்கலா இருக்கும். ரெண்டும் ஜோடியா ஓடும், நல்லா இருக்கற கண்ணுல அகலம் கிட்டத்தட்ட மூணுக்கு ரெண்டு. குழப்பம்னா டிஸ்க் வரைக்கும் பின்னாடியே போய்ப் பாருங்க, அங்க கலர் வித்தியாசம் தெளிவாத் தெரியும். இன்னொரு வழி, ஒரு ஆர்ட்டரி இன்னொரு ஆர்ட்டரிய ரெட்டினாவுல குறுக்க வெட்டிப் போகாது, வெய்னும் அப்படித்தான், அதனால ரெண்டு கோடு ஒண்ணுக்கொண்ணு குறுக்க போகுதுன்னா ஒண்ணு ஆர்ட்டரி ஒண்ணு வெய்ன்.

சில பேருக்கு டிஸ்க் ஓரத்துலேர்ந்து தனியா ஒரு சின்னக் குழாய் கொக்கி மாதிரி வளைஞ்சு மாக்குலா பக்கம் போகும், சிலியோரெட்டினல் ஆர்ட்டரின்னு பேரு, பொறப்புலயே இருக்கறது, நாலஞ்சு பேருல ஒருத்தருக்காவது இருக்கும். புதுசா மொளச்சுடுச்சுன்னு பயப்பட வேணாம்.

அகலம் அளக்கறது

இதுதான் கஷ்டமான பகுதி, நேரம் எடுத்துப் பண்ணுங்க.

படத்தத் தெறந்து கலர் சேனல்கள தனித்தனியா பிரிங்க, அதுல பச்ச சேனல் மட்டும் வச்சுக்கிட்டு மத்த ரெண்டையும் மூடிடுங்க. ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் பச்ச வெளிச்சத்த நல்லா உறிஞ்சும், அதனால குழாய் கருப்பா பின்னணி வெளுப்பா நல்லா எடுத்துக் காட்டும். செவப்பு சேனல் வெளுத்துப் போய் கெடக்கும், நீலம் இருட்டா புள்ளி புள்ளியா இருக்கும், ரெண்டும் உதவாது. கான்ட்ராஸ்ட் ஏத்தற வேலையெல்லாம் கண்ணால பாக்கறதுக்கு மட்டும், அளக்கற படத்துல அதப் பண்ணிட்டா குழாயோட விளிம்பு நகந்துடும்.

எந்த எடத்துல அளக்கறதுங்கறதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. டிஸ்க்கோட விளிம்புலேர்ந்து டிஸ்க் அகலத்துல பாதி தூரம் தள்ளி ஒரு வட்டம், ஒரு முழு அகலம் தள்ளி இன்னொரு வட்டம், இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வளையத்துல ஓடற குழாய்ங்களத்தான் அளப்பாங்க. ரொம்ப உள்ள போனா குழாய் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கும், ரொம்ப வெளிய போனா மெலிஞ்சு போய் பிக்சல் பத்தாது. ஆராய்ச்சி பண்றவங்க இந்த வளையத்துல இருக்கறதுலயே பெரிய 6 ஆர்ட்டரி, 6 வெய்ன் எடுத்து, 2003-ல நட்ஸனும் கூட இருந்தவங்களும் குடுத்த ஃபார்முலாவுல போட்டு ஒரே நம்பரா ஆக்குவாங்க. நமக்கு அது வேணாம், ரெண்டு போட்டோவுலயும் அடையாளம் தெரியற ரெண்டு ஆர்ட்டரி, ரெண்டு வெய்ன் போதும், ஆனா ரெண்டுலயும் அதே குழாய், அதே எடம். ஒரு கிளை பிரியற எடத்த அடையாளமா வச்சுக்கிட்டு அதுலேர்ந்து இவ்வளவு தூரம்னு குறிச்சுக்கோங்க.

இப்ப குழாய்க்குக் குறுக்க, சரியா செங்குத்தா ஒரு கோடு போடுங்க, கோட்டோட தடிமன ஒரு 10 பிக்சல் வச்சா படத்துல தாறுமாறா இருக்கற புள்ளிங்களோட தொல்ல கொறையும். அப்பறம் ப்ளாட் ப்ரொஃபைல் அமுக்குங்க, அந்தக் கோட்டு வழியில வெளிச்சம் எப்படி ஏறி எறங்குதுன்னு ஒரு கிராஃப் வரும். வெய்னுக்கு அது ஒரு பள்ளம் மாதிரி, கிண்ணம் வச்ச மாதிரி இருக்கும். ஆர்ட்டரிக்கு பள்ளத்து நடுவுல ஒரு சின்ன மேடு எழுந்து நிக்கும், அந்த வெள்ளக் கோடுதான் அது. மேட்ட பாத்து ரெண்டு குழாய்னு நெனச்சுடாதீங்க, வெளிப்பக்க ரெண்டு சரிவையும்தான் எடுக்கணும். மேல இருக்கற பின்னணி அளவுக்கும் பள்ளத்து அடிக்கும் நடுவுல பாதி உயரத்துல ஒரு கோடு மனசுல போட்டு, அது ரெண்டு சரிவையும் வெட்டற எடத்துக்கு நடுவுல இருக்கற தூரம்தான் அகலம். ஒரே எடத்துல நாலஞ்சு தடவ கோட்ட அழிச்சு அழிச்சுப் போட்டு சராசரி எடுங்க, அந்த நாலஞ்சு நம்பருக்குள்ளயே ரெண்டு பிக்சல் ஆடுச்சுன்னா உங்க கண்ணுல பத்து வருஷ மாத்தம் தெரியுதுன்னு சொல்ல வாய்ப்பே இல்லன்னு புரிஞ்சுக்கோங்க.

வந்த பிக்சல் நம்பர அப்படியே வச்சுக்காம டிஸ்க்கோட அகலத்தால வகுத்துடுங்க. மைனஸ் பவர் ஜாஸ்தியா இருக்கற கண்ணுல போட்டோவுல எல்லாமே சின்னதாத் தெரியும், குழாயும் மெலிசாத் தெரியும், கேமரா மாறினாலும் சைஸ் மாறும், புரை ஆபரேஷன் பண்ணி லென்ஸ் வச்சா அப்பவும் கொஞ்சம் மாறும். இதெல்லாத்துலயும் டிஸ்க்கும் கூடவே அதே அளவுக்கு மாறும், அதனால வகுத்தா அது அடிபட்டுப் போயிடும். சராசரி கண்ணுல டிஸ்க் 1.8 மிமீ கிட்ட இருக்கும், ஆளுக்கு ஆள் வேற வேற, ஆனா உங்க டிஸ்க் உங்களுக்கு அளவுகோல், அது போதும்.

ஆர்ட்டரிய வெய்னால வகுக்கற கணக்கும் இருக்கு, டாக்டருங்க ஏ-வி ரேஷியோன்னு சொல்வாங்க. உதாரணத்துக்கு பழைய படத்துல ஆர்ட்டரி 14, வெய்ன் 20, அப்ப 0.70. புதுப் படத்துல 12.5-ம் 19.5-ம், அப்ப 0.64. பாக்கறதுக்கு ஆர்ட்டரி சுருங்கின மாதிரி இருக்கும், இந்த உதாரணத்துல அது உண்மையும்கூட. ஆனா எனக்கு இந்த ரேஷியோ மேல பெருசா நம்பிக்க கெடையாது, ஏன்னா வயசானா வெய்னும் கொஞ்சம் மெலியும், சிகரெட் புடிக்கறவங்களுக்கு வெய்ன் விரியும், சுகர் இருந்தா விரியலாம், அப்ப ஆர்ட்டரி அசையாமலே ரேஷியோ மாறும். மேல உள்ளதையும் கீழ உள்ளதையும் தனித்தனியா எழுதி வச்சாத்தான் எது நகந்துச்சுன்னு தெரியும்.

ஏன் மெலியுதுன்னா, குழாய்ச் சுவர்ல இருக்கற தசை செல்லுங்க வயசாக ஆக கொறஞ்சு அந்த எடத்த கொலாஜன் மாதிரி நார் பொருள் புடிச்சுக்கும், சுவர் தடிச்சு வெறச்சுப் போகும், உள்ள ரத்தம் ஓடற பாதை குறுகும். போட்டோவுல நாம பாக்கறது அந்த ரத்தத்தோட அகலத்தத்தான், சுவர் பெரும்பாலும் கண்ணாடி மாதிரி தெரியாது. பிபியும் இதே வேலையத்தான் இதவிட வேகமாப் பண்ணும். உங்களுக்கு நடுவுல பிபி வந்திருந்தா மெலிஞ்சது எவ்வளவு வயசால எவ்வளவு பிபியால அப்படின்னு ஒரு ஆளோட ரெண்டு போட்டோவ வச்சுப் பிரிக்க முடியாது.

வெள்ளக் கோடும் குறுக்குச் சந்தும்

அளக்கவே வேணாம், கண்ணால பாத்தாலே தெரியற ரெண்டு எடம் இது, போட்டோ சுமாரா இருந்தாலும் பரவாயில்ல.

ஆர்ட்டரி நடுவுல ஓடற வெள்ளக் கோடு இளம் வயசுல குழாய் அகலத்துல மூணுல ஒரு பங்கு கிட்ட இருக்கும். சுவர் தடிக்க தடிக்க அந்தக் கோடு அகலமாகும், மங்கலாகும், அப்பறம் குழாயே செம்பு கலர்ல மின்னும், டாக்டருங்க காப்பர் வயர்னு சொல்றது இதத்தான், அதுக்கும் மேல போனா வெள்ளி கலர், சில்வர் வயர். லேசா அகலமானது வயசுக்கு சகஜம், செம்புக் கலருக்குப் போயிடுச்சுன்னா பிபிய செக் பண்ணணும். ஒரு எச்சரிக்க, சின்னப் பசங்க, இளைஞர்கள் போட்டோவுல குழாய் ஓரமா பட்டுத்துணி மினுங்கற மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும், அது ரெட்டினாவோட மேல் சவ்வுல பட்டுத் திரும்பற வெளிச்சம், ஃபிளாஷ் கோணத்துக்கேத்த மாதிரி எடம் மாறும், வயசானா தானாக் கொறஞ்சுடும். பழைய போட்டோவுல அது இருந்து புதுசுல காணோம்னா ஏதோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.

குறுக்குச் சந்துதான் எனக்குப் புடிச்ச எடம். ஆர்ட்டரி வெய்ன் மேல ஏறிப் போற எடத்துல ரெண்டுக்கும் ஒரே உறைதான், தனித்தனி உறை கெடையாது. மேல இருக்கற ஆர்ட்டரி தடிச்சு வெறச்சுப் போனா, தண்ணி ஓடற ஓஸ் பைப் மேல கால வச்ச மாதிரி கீழ இருக்கற வெய்ன அமுக்கும். போட்டோவ 300 சதவீதம் பெருசு பண்ணி அந்த எடத்துக்குப் போங்க, வெய்ன் சந்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே அகலத்துல வந்து சேருதா, இல்ல சந்துகிட்ட வரும்போது பென்சில் சீவின மாதிரி கூர்மையா மெலிஞ்சு மறைஞ்சு அந்தப் பக்கம் மறுபடி தடியா எழுந்திருக்குதான்னு பாருங்க. சில எடத்துல வெய்ன் நேரா வராம சந்துகிட்ட செங்குத்தா வளைஞ்சு தாண்டும். 1890-கள்ல மார்கஸ் கன்னுங்கற கண் டாக்டர் எழுதி வச்சதால முதல் சொன்னதுக்கு கன் சைன்னு இன்னிக்கும் பேரு, ஏ-வி நிக்கிங்னும் சொல்வாங்க. ரிப்போர்ட்ல இந்த வார்த்தய பாத்திருப்பீங்க.

ரெண்டு போட்டோவுலயும் அதே அதே சந்த ஜோடி ஜோடியா வெட்டி எடுத்து பக்கத்துல பக்கத்துல ஒட்டிப் பாருங்க, ஒரு கண்ணுல நாலஞ்சு நல்ல சந்து கெடைக்கும். பழசுல சமமா இருந்து புதுசுல மெலிஞ்சிருந்தா அது ஃபோகஸ் பிரச்சன இல்ல, ஏன்னா ஃபோகஸ் போனா சுத்தி இருக்கறது எல்லாமே சேந்துதான் மங்கும், சந்து மட்டும் தனியா மெலியாது. அதனாலதான் அகலம் அளக்கற பாட்ட விட இத நான் அதிகமா நம்பறேன். வெய்னோட கிளைல அடைப்பு வர்றதும் பெரும்பாலும் இந்த மாதிரி சந்துலதான், அத மனசுல வச்சு நல்லா மெலிஞ்ச சந்து கண்ணுல பட்டா டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

வளைவு, கோணம்

வளைவுக்குக் கணக்கு சுலபம். ஒரு கிளைலேர்ந்து அடுத்த கிளை வரைக்கும் குழாய் போற வழியிலேயே கோடு இழுத்து நீளம் எடுங்க, அதுக்கு செக்மென்டட் லைன் கருவி இருக்கு, அப்பறம் அந்த ரெண்டு முனைக்கும் நடுவுல நேர்கோடு போட்டு நீளம் எடுங்க, மொதல் நம்பர ரெண்டாவதால வகுங்க. வழி 412 பிக்சல், நேர்கோடு 380-ன்னா 1.08. ஒண்ணுக்குப் பக்கத்துல இருந்தா நேரா ஓடுதுன்னு அர்த்தம்.

இது வயசோட எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டா ஆய்வுகளே ஒத்துப்போகல, சிலதுல ஆர்ட்டரி நேராகுது, சிலதுல வளைவு கூடுது, வெய்னுக்கு வேற கதை. பொறப்புலயே சிலருக்கு குழாய்ங்க பாம்பு மாதிரி நெளிஞ்சு நெளிஞ்சு இருக்கும், குடும்பத்துல ரெண்டு மூணு பேருக்கு அப்படியே இருக்கும், பார்வைக்கு ஒண்ணும் ஆகாது. அதனால உங்க வளைவ அடுத்தவங்க வளைவோட ஒப்பிடறதுல புண்ணியம் இல்ல, உங்க பழைய போட்டோவோட மட்டும் பாருங்க. முன்ன நேரா இருந்த வெய்ன் திடீர்னு நெளிஞ்சு தடிச்சிருந்தா அது வயசு கெடையாது, காட்ட வேண்டிய விஷயம்.

கோணத்துக்கு ஆங்கிள் கருவி எடுத்து கிளை பிரியற எடத்துல அளங்க. இதுக்குப் பின்னாடி ஒரு அழகான கணக்கு இருக்கு, 1926-ல மர்ரேங்கறவர் போட்டது. ரத்தத்தக் குறைஞ்ச செலவுல தள்ளணும்னா, தாய்க்குழாயோட ஆரத்த மும்மடியாக்கினா அது ரெண்டு கிளையோட மும்மடிக் கூட்டுக்கு சமமா இருக்கணும். ரெண்டு கிளையும் ஒரே சைஸ்னா நடுவுல கோணம் 75 டிகிரி கிட்ட வரணும். உதாரணமா தாய் 20, கிளை 16-ம் 15-ம்: 20-ஓட மும்மடி 8000, மத்தது ரெண்டும் சேந்து 7471, அப்ப 0.93, கிட்டத்தட்ட சரி. வயசும் பிபியும் ஏற ஏற கோணம் குறுகுதுன்னு பாத்திருக்காங்க. ஆனா கையால அளக்கறப்ப ரெண்டு மூணு டிகிரி சும்மாவே ஆடும், ஒரு கிளைய மட்டும் வச்சு ஒண்ணும் சொல்லாதீங்க, பத்துப் பதினஞ்சு எடம் அளந்து சராசரி போட்டா ஓரளவுக்கு அர்த்தம் இருக்கும்.

மொத்த மரத்தையும் ஒரே நம்பரா ஆக்கறது

ஃப்ராக்டல் டைமென்ஷன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. குழாய மட்டும் கருப்பு வெள்ளையாப் பிரிச்சு எடுத்து, அது மேல பெரிய கட்டம், சின்ன கட்டம், இன்னும் சின்ன கட்டம்னு போட்டு எத்தன கட்டத்துல குழாய் விழுதுன்னு எண்ணற வேலை, இமேஜ்ஜேல ஃப்ராக்டல் பாக்ஸ் கவுன்ட்னு ரெடியாவே இருக்கு. ஒரு நேர்கோட்டுக்கு 1, முழுசா நெரம்பின தளத்துக்கு 2, ரெட்டினா மரம் நடுவுல எங்கயோ, எப்படிப் பிரிச்சீங்கங்கறதப் பொறுத்து 1.4-லேர்ந்து 1.7 வரைக்கும் வரும். வயசாக ஆக எறங்கும், கிளை கொறையுதுன்னு அர்த்தம், ஆனா எறங்கறது புள்ளிக்கு அப்பறம் ரெண்டாவது எடத்துலதான்.

இங்கதான் நெறைய பேரு ஏமாறுவாங்க. வயசானவங்களுக்கு புரை லேசா ஆரம்பிச்சிருக்கும், கண்ணு பாப்பாவும் முன்ன மாதிரி பெருசா விரியாது, வெளிச்சம் கொஞ்சமாத்தான் உள்ள போகும், போட்டோ மங்கலா வரும், மெல்லிசான கிளைங்க எல்லாம் படத்துல காணாமப் போகும், நம்பர் எறங்கும். குழாய் அங்கயேதான் இருக்கும், தெரியறதில்ல அவ்வளவுதான். புரை ஆபரேஷன் பண்ணின அப்பறம் எடுத்தா திடீர்னு புதுக் கிளைங்க முளைச்ச மாதிரி நம்பர் ஏறும், பத்து வயசு கொறஞ்சுட்டோம்னு குஷியாகிடுவாங்க. அதனால ரெண்டு போட்டோவுல எது மங்கலோ அந்த அளவுக்கு நல்ல போட்டோவயும் லேசா பிளர் பண்ணிட்டு அப்பறம் எண்ணுங்க, அப்பவும் வித்தியாசம் நின்னா பேசலாம். பிரிக்கற த்ரெஷோல்டும், அதாவது எவ்வளவு கருப்பா இருந்தா குழாய்னு எடுக்கறதுங்கற எல்லையும், ரெண்டுக்கும் ஒண்ணா இருக்கணும், இதுக்குன்னு தனியா கண்ணால இழுத்து இழுத்து வைக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் இத வேற மாதிரி பாக்குது. 2018-ல கூகுள் ஆராய்ச்சியாளருங்க லட்சக்கணக்கான பேரோட ரெட்டினா போட்டோவ வச்சு பழக்கின ஒரு மாடல் ஆளோட வயச சராசரியா 3.26 வருஷ வித்தியாசத்துல சொல்லிடுச்சு, அப்ப அது அதிகமா பாத்த எடம் ரத்தக்குழாய்ங்கதான். இதுலேர்ந்து என்ன புரியுதுன்னா தடயம் நிச்சயமா இருக்கு, ஆனா அது ஒரு குழாய்ல இல்ல, படம் பூரா பொடிப் பொடியா செதறிக் கெடக்கு, ஸ்கேல் வச்சு ஒரு எடத்துல அளக்கற நமக்கு அதுல ஒரு துளிதான் கெடைக்கும்.

போட்டோவுல தெரியாததும், தெரிஞ்சு ஏமாத்தறதும்

உண்மையிலேயே மொதல்ல அடி வாங்கறது கேப்பில்லரிங்கதான், 5-லேர்ந்து 10 மைக்ரான் அகலம், சாதாரண ஃபண்டஸ் போட்டோவுல தெரியவே தெரியாது. அத சுத்தி கட்டிப்புடிச்சுட்டு இருக்கற பெரிசைட்ங்கற செல்லுங்க வயசோட கொறையும், சில கேப்பில்லரி செல்லே இல்லாம வெறும் கூடாப் போயிடும், அதுல ரத்தம் ஓடாது. இதப் பாக்க ஓசிடி ஆஞ்சியோ எடுக்கணும், மருந்து ஏத்தாம வெறும் வெளிச்சத்துலயே ரத்தம் ஓடற எடத்த மட்டும் படமாக் காட்டும். மாக்குலா நடுவுல குழாயே இல்லாத ஒரு சின்னத் திட்டு இருக்கும், அரை மிமீ குறுக்களவு சுமாரா, ரிப்போர்ட்ல எஃப்ஏஇசட்னு போட்டிருக்கும், வயசோட அது கொஞ்சம் பெருசாகும், சுத்தி இருக்கற வெசல் டென்சிட்டி, அதாவது குழாய் அடர்த்தி, கொறையும். ஆனா நல்ல கண்ணுலயே அந்தத் திட்டு ஆளுக்கு ஆள் பல மடங்கு வேற வேற, அதனால அடுத்தவங்க நம்பரோட ஒப்பிடாதீங்க. ஒப்பிடறதுன்னா அதே கம்பெனி மெஷின், அதே ஸ்கேன் சைஸ், 3 மிமீ ஸ்கேனையும் 6 மிமீ ஸ்கேனையும் பக்கத்துல வைக்கக் கூடாது, கூடவே ரிப்போர்ட் ஓரத்துல சிக்னல் ஸ்ட்ரென்த்னு ஒரு நம்பர் இருக்கும், அது எறங்கினா டென்சிட்டியும் கூடவே பொய்யா எறங்கும்.

தெரிஞ்சு ஏமாத்தறது என்னன்னா, வயசானவங்க போட்டோவுல, மைனஸ் பவர்காரங்க போட்டோவுலயும், பின்னணியில ஆரஞ்சு கலர்ல பட்டை பட்டையா அகலமா கோடுங்க தெரிய ஆரம்பிக்கும், புலி தோல் மாதிரி. அது ரெட்டினா குழாய் இல்ல, பின்னாடி இருக்கற கோராய்டுங்கற அடுக்கோட குழாய், மேல இருக்கற நிறப் படலம் மெலியறதால வெளிய தெரியுது. சாஃப்ட்வேரு இதையும் சேத்து எண்ணி கிளை கூடிடுச்சுன்னு சொல்லும், கையால அழிச்சுடுங்க. அடையாளம் சுலபம், அதுங்களுக்கு டிஸ்க்லேர்ந்து ஆரம்பம் இருக்காது, நடுவுல வெள்ளக் கோடும் இருக்காது, ரெட்டினா குழாய் எப்பவும் அதுக்கு மேலதான் ஓடும்.

அளக்கும்போது வயசு கணக்குல சேக்கவே கூடாத சில விஷயம் கண்ணுல படலாம்: செவப்பா புள்ளி, தீச்சுடர் மாதிரி ரத்தக் கசிவு, பஞ்சு மாதிரி வெள்ளத் திட்டு, வெய்ன் மணி கோத்த மாதிரி தடிச்சு மெலிஞ்சு தடிச்சு போறது, தாறுமாறா மெல்லிசா புதுக் குழாய். சுகர், பிபி, அடைப்பு இதுல ஏதோ ஒண்ணு அது, அளக்கற வேலைய நிறுத்திட்டு டாக்டரப் பாருங்க. போட்டோவே எடுக்காம ஒரு கண்ணுல பார்வை திடீர்னு போனாலோ திரை எறங்கின மாதிரி ஆனாலோ அன்னிக்கே போகணும், காலைல பாத்துக்கலாம்னு தூங்கக் கூடாது.

எழுதி வைக்கறது

ரெண்டு வருஷத்துக்குள்ள மறுபடி அளக்கறது வேஸ்ட், மேல சொன்ன பிக்சல் கணக்கு அதுக்கு எடம் குடுக்காது, சுகர் பிபி இருக்கறவங்க டாக்டர் சொன்ன செக்கப்புக்குப் போறது வேற விஷயம், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒவ்வொரு தடவையும் ஃபைல் பேருலயே தேதி, எந்தக் கண்ணு, எந்த கேமரா, எத்தன டிகிரின்னு போட்டுடுங்க. கூட ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல அன்னிக்கு பிபி எவ்வளவு, கண்ணு பவர் என்ன, சொட்டு மருந்து விட்டு எடுத்ததா விடாம எடுத்ததா, புரை ஆபரேஷன் ஆச்சா இல்லையா, சிகரெட் உண்டா இல்லையான்னு எழுதுங்க. அளந்த கோடுங்கள இமேஜ்ஜேல ஆர்ஓஐ மேனேஜர்ல சேவ் பண்ணிடுங்க, அடுத்த தடவ எங்க அளந்தோம்னு தேட வேணாம். பழைய படத்த மறுபடி தெறந்து பழைய நம்பரப் பாக்காம இன்னொரு தடவ அளங்க, அந்த ரெண்டு நம்பருக்கும் நடுவுல வர்ற வித்தியாசம் எவ்வளவோ, புதுப் படத்துல அதத் தாண்டினத மட்டும் மாத்தம்னு குறிங்க.